ஒன்பதாவது ஆட்டம்

என் தமக்கை மகன் ஒருவன் அமெரிக்காவில் ஐயோவா சர்வகலாசாலையில் படித்தவன். பெயரிலேயே 'ஐயோ' இருக்கிறதே என்று அவன் புறப்படும்போது என் தமக்கைக்குக் கொஞ்சம் விசாரந்தான். படிப்பு நன்றாகவே முடிந்தது, உத்தியோகம் ஆயிற்று, கல்யாணமும் ஆயிற்று. ஆனால் அந்த ஊரில் அவனைப் பற்றிக்கொண்ட ஒரு வருத்தம் மட்டும் இருபது வருஷத்துக்கு மேலாகியும் தீர்ந்தபாடில்லை. லீவில் வரும்போதெல்லாம் ஊஞ்சலில் உட்கார்ந்து காபி சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பேச்சை எடுத்துவிடுவான்.

"அவர்கள் எங்களை ஜெயிக்கவில்லை, மாமா."

"நீங்கள் அவர்களை ஜெயித்தீர்களா?"

"எப்படி ஜெயிப்பது? எங்களோடு ஆடினால்தானே!"

விஷயம் இதுதான். 2002-ம் வருஷம் 'பிக் டென்' என்ற சங்கத்தில் 11 சர்வகலாசாலைகள் இருந்தன. ஒவ்வொன்றும் சங்கத்துக்குள் 8 பந்தயம் ஆட வேண்டும். ஐயோவா எட்டிலும் ஜெயித்தது. ஓஹையோ ஸ்டேட் சர்வகலாசாலையும் எட்டிலும் ஜெயித்தது. பத்து எதிரிகளில் எட்டுப் பேரோடு ஆடினால் இரண்டு பேர் விட்டுப் போகத்தானே வேண்டும்? அந்த வருஷம் இவர்கள் இருவருமே ஒருவருக்கொருவர் விட்டுப் போனார்கள்! கிரீடத்தை ஆளுக்குப் பாதியாகப் போட்டுக்கொண்டார்கள். ஓஹையோக்காரர்கள் அதற்கப்பால் 1903 அல்ல, நம் காலத்து 2003 ஜனவரியில் மியாமியை 31-24 என்று ஜெயித்துத் தேசத்துக்கே சாம்பியன் ஆனார்கள். ஐயோவாக்காரர்கள் வேறொரு பந்தயத்தில் தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். "அன்றைக்கு இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை இருந்திருந்தால்..." என்று சொல்லிவிட்டு என் மருமகப் பிள்ளையாண்டான் டம்ளரைக் கீழே வைத்துவிடுவான்.

இந்த 'ஒரே ஒரு சனிக்கிழமை'தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு சங்கத்தில் சேர்ந்த கல்லூரிகள் தங்களுக்குள் எத்தனை ஆட்டம் ஆடிக்கொள்ள வேண்டும், எட்டா, ஒன்பதா என்பது அந்தத் தேசத்தில் சின்ன வழக்கு அல்ல. நூறு வருஷத்துக்கு மேலாக நடந்து வருகிற வழக்கு. அதன் கட்டுகளைப் புரட்டிப் பார்த்தால் கணக்கு குறைவாகவும் மனுஷ சுபாவம் அதிகமாகவும் இருக்கின்றன.

முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்கர்கள் 'புட்பால்' என்று சொல்வது நம்முடைய கால்பந்து அல்ல. இரண்டு முனையும் கூரான பந்து. அதைக் காலால் உதைப்பது எப்போதாவதுதான். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், கையால் எறிவதும், ஓடுகிறவன் மேல் நாலு பேர் விழுந்து அமுக்குவதுந்தான் ஆட்டம். தலைக்கும் தோளுக்கும் கவசம் போட்டுக்கொண்டுதான் இறங்குவார்கள். ஒரு தடவை ஆடினால் உடம்பு தேற ஒரு வாரம் வேண்டும். ஆகவே வாரத்துக்கு ஒன்று, பெரும்பாலும் சனிக்கிழமை. செப்டம்பரில் ஆரம்பித்து நவம்பரோடு சரி. ஆரம்பத்தில் பத்து ஆட்டமாக இருந்த பருவம் 1970-ல் பதினொன்று ஆயிற்று. 2006 முதல் பன்னிரண்டு. அதற்கு மேல் இழுக்க முடியாது. முதல் வரிசைக் கல்லூரிகள் மட்டும் நூற்று முப்பதுக்கு மேல். கையில் இருப்பதோ பன்னிரண்டு சனிக்கிழமைகள். யாருக்கு எத்தனை கொடுப்பது? சம்பளக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் குடும்பஸ்தனுடைய கவலைதான் இதுவும்.

1869 நவம்பர் 6-ம் தேதி ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டன் கல்லூரியும் ஆடியதைத்தான் கல்லூரிகளுக்குள் நடந்த முதல் ஆட்டம் என்று சொல்கிறார்கள். ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்தது. அப்போது சங்கமும் இல்லை, அட்டவணையும் இல்லை. பக்கத்து ஊர்ப் பையன்கள் கூப்பிட்டார்கள், போனார்கள். பிற்பாடு ஜனங்கள் காசு கொடுத்துப் பார்க்க ஆரம்பித்ததும் தில்லுமுல்லுகளும் ஆரம்பித்துவிட்டன. வகுப்பறை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத பலசாலிகளைக் கூலிக்குப் பிடித்து வந்து, மாணவர்கள் என்று சொல்லி மைதானத்தில் இறக்கினார்கள். 1895 ஜனவரியில் பர்டியூ சர்வகலாசாலைத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் என்பவர் அழைத்ததன்பேரில், சிகாகோவில் பால்மர் ஹவுஸ் ஹோட்டலில் ஏழு கல்லூரித் தலைவர்கள் கூடினார்கள். உண்மையாகவே படிக்கிற பையன்தான் ஆடலாம் என்று தீர்மானித்தார்கள். அதிலிருந்து 1896-ல் பிறந்ததுதான் பின்னால் 'பிக் டென்' என்று பெயரெடுத்த சங்கம். சங்கம் என்பது ஆதியில் கிரீடத்துக்காக ஏற்பட்டதல்ல. அண்டை வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் ஏமாற்றாமல் இருப்பதற்குச் செய்துகொண்ட ஒப்பந்தம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் சுலபமாக விளங்கும்.

சங்கம் செய்த முதல் பெரிய காரியம் ஆட்டத்தைக் கூட்டியது அல்ல, குறைத்தது. 1905-ம் வருஷப் பருவத்தில் மட்டும் இந்த ஆட்டத்தில் அடிபட்டுக் குறைந்தது பதினெட்டுப் பேர் இறந்து போனார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேசினார். கொலம்பியா சர்வகலாசாலை ஆட்டத்தையே நிறுத்திவிட்டது. 1906-ல் மிச்சிகன் சர்வகலாசாலைத் தலைவர் ஜேம்ஸ் ஏஞ்சல் தம் சங்கத்தாரைக் கூட்டினார். இனிமேல் ஒரு பருவத்துக்கு ஐந்தே ஆட்டம். ஒரு பையன் மூன்று வருஷத்துக்கு மேல் ஆடக் கூடாது. ஆட்டக்காரர்களுக்கென்று தனிச் சாப்பாட்டுப் பந்தி கிடையாது. இப்படியெல்லாம் விதி போட்டார்கள்.

கூட்டத்தைக் கூட்டியவர் மிச்சிகன் தலைவர். விதியைக் கேட்டுக் கொதித்ததும் மிச்சிகன்தான்! அங்கே பீல்டிங் யோஸ்ட் என்று ஒரு கோச் இருந்தார். 1901-ல் அவருடைய பையன்கள் பருவம் முழுவதும் சேர்த்து 550 புள்ளி எடுத்தார்கள். எதிரிகள் எல்லோரும் சேர்ந்து எடுத்தது பூஜ்யம். அப்படிப்பட்டவரிடம் போய் 'ஐந்து ஆட்டத்தோடு நிறுத்து' என்றால் கேட்பாரா? மிச்சிகன் சங்கத்தை விட்டே விலகிப் போயிற்று. திரும்பி வந்தது 1917-ல். வெளியே இருந்த சுமார் பத்து வருஷமும் அண்டை வீடுகளோடு ஆட்டம் அநேகமாக இல்லை. பெரியவர் சொன்னது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும், சொந்த வீட்டிலேயே செல்லாத விதியைப் போட்ட அந்த மனிதரை நினைத்தால் கொஞ்சம் பரிதாபமாகவும் இருக்கிறது.

இனி ஸுவானியின் கதையைச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத எனக்குக் கை அரித்ததற்கு என் மருமகன் பாதிக் காரணம் என்றால் ஸுவானி மற்றப் பாதி.

டென்னஸி மாகாணத்தில் கம்பர்லண்டு பீடபூமியின் மேல் ஒரு சிறு கிராமம் ஸுவானி. மாதாகோவிலைச் சேர்ந்த ஒரு சின்ன சர்வகலாசாலை அங்கே உண்டு. 1899-ல் அந்தக் கல்லூரியின் ஆட்ட நிர்வாகி லூக் லீ என்ற மாணவன். பிற்காலத்தில் அமெரிக்க செனட்டில் உட்கார்ந்தவன். பக்கத்தில் நாஷ்வில் நகரத்து வாண்டர்பில்ட் கல்லூரிதான் ஸுவானியின் பரம்பரை எதிரி. வசூல் நிறையக் கிடைப்பதும் அந்தப் பந்தயத்தில்தான். அந்த வருஷம் வசூலைப் பங்கு போடுவதில் தகராறு வந்து பந்தயமே ரத்தாகிவிட்டது. பெட்டியில் பணம் இல்லை. லீ என்ன செய்தான்? பையன்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டான். சுமார் 2,500 மைல் பிரயாணம்.

நவம்பர் 9-ம் தேதி ஆஸ்டினில் டெக்ஸாஸ் சர்வகலாசாலையோடு ஆட்டம்: 12-0. மறுநாள் ஹூஸ்டனில் டெக்ஸாஸ் ஏ அண்டு எம்: 10-0. அதற்கு மறுநாள் நியூ ஆர்லியன்ஸில் டியுலேன்: 23-0. நடுவில் ஞாயிற்றுக்கிழமை, பாதிரிமார் கல்லூரி அல்லவா, ஓய்வு. திங்கட்கிழமை பேட்டன் ரூஜில் லூயிஸியானா: 34-0. செவ்வாய்க்கிழமை மெம்பிஸில் மிஸ்ஸிஸிப்பி: 12-0. ஆறு நாளில் ஐந்து ஆட்டம், ஐந்திலும் ஜெயம், ஐந்திலும் எதிரிக்குச் சைபர்! ஒரு ஆட்டத்துக்கு ஒரு வாரம் ஓய்வு வேண்டும் என்று மேலே எழுதினேனே, அந்த வாக்கியத்தை ஸுவானிப் பையன்கள் படித்தால் சிரிப்பார்கள். அந்தப் பருவம் முழுவதும் பன்னிரண்டு ஆட்டம், தோல்வியே இல்லை. அவர்கள் மேல் புள்ளி எடுத்தது ஆபர்ன் ஒன்றுதான். அதுவும் 11-10 என்று தோற்றது.

முப்பத்து மூன்று வருஷம் கழிந்தது. 1932 டிசம்பரில் நாக்ஸ்வில் நகரில் தென்பகுதிக் கல்லூரிகளின் பழைய சங்கம் கூடிற்று. அங்கத்தினர்கள் 23 பேர். இத்தனை பேர் ஒருவரோடொருவர் ஆடி முடிக்க முடியாது என்று அப்பலேஷிய மலைக்கு மேற்கிலும் தெற்கிலும் இருந்த 13 கல்லூரிகள் பிரிந்து, 'தென்கிழக்குச் சங்கம்' என்று தனியாக வைத்துக்கொண்டன. அலபாமா, ஜார்ஜியா, டென்னஸி, லூயிஸியானா என்று பெரிய பெயர்கள். பழைய கௌரவத்துக்காக ஸுவானியும் அதில் ஒன்று.

அதற்குள் உலகம் மாறியிருந்தது. பெரிய சர்வகலாசாலைகளில் ஆயிரக்கணக்கான மாணவர்கள், ராட்சச மைதானங்கள். ஸுவானியிலோ சில நூறு பையன்கள். 1933 முதல் 1940 வரை எட்டுப் பருவத்தில் ஸுவானி சங்கத்துக்குள் ஆடியது 37 ஆட்டம். தோற்றது 37 ஆட்டம். ஒன்றில்கூட சமம் இல்லை. எட்டாண்டுக் காலம் அந்த மலைமேல் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பையன்கள் பஸ் ஏறிப் போய், அடி வாங்கிக்கொண்டு, இரவில் திரும்பி வந்திருக்கிறார்கள். முன்னாள் மாணவர்களான கிழவர்கள் 1899-ஐப் பற்றிச் சொல்லச் சொல்ல அந்தப் பையன்களின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! நாவல் எழுதுகிறவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கடைசியில் கல்லூரித் தலைவர் அலெக்ஸாண்டர் கெர்ரி 1940-ல் கல்லூரியைச் சங்கத்திலிருந்து விலக்கிக்கொண்டார். ஆட்டக்காரனுக்கு ஆட்டத்துக்காக உபகாரச் சம்பளம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார். பந்து வீசத் தெரிகிறது என்பதற்காக ஒரு பையனுக்குப் படிப்புச் செலவு கொடுப்பது கல்வியல்ல, வியாபாரம் என்பது அவர் கட்சி.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஸுவானி சங்கத்துக்குள் ஆடியது வருஷத்துக்குச் சராசரி ஐந்துக்கும் குறைவுதான். யார் யாரோடு எத்தனை ஆடுவது என்பது அந்தக் காலத்தில் அவரவர் இஷ்டம். மற்றச் சனிக்கிழமைகளில் தன்னைப் போன்ற சிறு கல்லூரிகளோடு ஆடி மூச்சு விட்டுக்கொண்டது. இன்றைய கணக்குப்படி ஒன்பது ஆட்டம் கட்டாயம் என்றிருந்தால் 37 அல்ல, 72. 'சங்க ஆட்டத்தை அதிகமாக்காதே' என்று வாதாடுகிறவர்கள் யாருக்காகப் பேசுவதாகச் சொல்லிக்கொள்கிறார்களோ, அந்தக் கட்சிக்காரன் ஸுவானிதான். பலவானோடு பலவான் மோதினால் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும்; பலவீனனுக்கு அட்டவணையில் தப்பி ஓட ஒரு சந்து வேண்டாமா?

வேண்டும்தான். ஆனால் அந்தச் சந்து வழியாக ஓடியவர்கள் பலவீனர்கள் மட்டும் அல்ல.

1966-ல் அதே தென்கிழக்குச் சங்கத்தில் அலபாமா ஆறு சங்க ஆட்டம் ஆடி ஆறிலும் ஜெயித்தது. ஜார்ஜியாவும் ஆறு ஆடி ஆறிலும் ஜெயித்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து மாகாணம். இருவரும் சாம்பியன். இருவரும் சந்திக்கவே இல்லை! அதோடு போயிற்றா? அலபாமா அந்த வருஷம் தான் ஆடிய பதினோரு ஆட்டத்திலும் ஜெயித்தும், தேசத்தில் முதலிடம் அதற்குக் கிடைக்கவில்லை. தங்களுக்குள் 10-10 என்று சமமாக முடித்துக்கொண்ட நோட்டர்டேமுக்குத்தான் கிடைத்தது. அலபாமாக்காரர்கள் இன்றைக்கும் அதைப் பெரிய அநியாயமாகச் சொல்வார்கள். அநியாயந்தான். ஆனால் ஜார்ஜியாவோடு ஒரு ஆட்டம் ஆடி ஜெயித்துக் காட்டியிருந்தால் அவர்கள் வழக்கு இன்னும் கொஞ்சம் பலப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு நேர்மாறாக ஒரு சங்கம் உண்டு. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் முதலிய எட்டுப் பழைய கல்லூரிகள் சேர்ந்த 'ஐவி லீக்'. எட்டுப் பேர், ஆகவே ஏழு ஆட்டம். 1956 முதல் இந்தக் கணக்கில் மாறுதலே இல்லை. 2020-ல் கொள்ளை நோய்க்காகப் பருவத்தையே நிறுத்தியது தவிர. எல்லோரும் எல்லோரையும் வருஷா வருஷம் பார்த்தே தீர வேண்டும். 1968 நவம்பரில் ஹார்வர்டும் யேலும் கடைசி ஆட்டத்துக்கு வந்தபோது இருவருக்கும் தோல்வி கிடையாது. ஆட்டம் முடிய 42 விநாடி இருக்கும்போது யேல் 16 புள்ளி முன்னால் நின்றது. ஜனங்கள் எழுந்து போக ஆரம்பித்திருப்பார்கள். அந்த 42 விநாடியில் ஹார்வர்டு 16 புள்ளி எடுத்து 29-29 என்று சமமாக்கிவிட்டது! பின்னாளில் சினிமாவில் பிரபலமான டாமி லீ ஜோன்ஸ் அன்று ஹார்வர்டு பக்கம் ஆடியவர்களில் ஒருவர். அவர்களும் கிரீடத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பங்குக்கும் 2002-ம் வருஷத்துப் பங்குக்கும் எவ்வளவு வித்தியாசம்! இது கட்டிப் புரண்டு சண்டை போட்டுவிட்டுப் பிரித்துக்கொண்டது. அது தபாலில் வந்த பாகப் பிரிவினை.

அப்படியானால் எல்லோரும் எல்லோரோடும் ஆடிவிட்டால் தீர்ந்தது அல்லவா? அதையும் செய்து பார்த்தார்கள். 2011 முதல் 2022 வரை 'பிக் டுவெல்வ்' சங்கத்தில் பத்துப் பேர் (பெயர் பன்னிரண்டு, ஆள் பத்து, அமெரிக்காவில் சங்கங்களின் பெயரில் உள்ள எண்ணை யாரும் நம்ப வேண்டாம்). பத்துப் பேருக்கு ஒன்பது ஆட்டம், கச்சிதமான கணக்கு. 'ஒரே உண்மையான சாம்பியன்' என்று விளம்பர வாசகம்கூடப் போட்டுக்கொண்டார்கள். 2014-ல் பேலர், டெக்ஸாஸ் கிறிஸ்டியன் என்ற இரண்டு கல்லூரிகள் தலைக்கு ஒரு சங்கத் தோல்வியோடு முன்னணியில் நின்றன. இரண்டும் நேரில் ஆடிய ஆட்டத்தில் பேலர் 61-58 என்று ஜெயித்திருந்தது. ஆனாலும் சங்கம் இருவரையும் சாம்பியன் என்றது. தேசிய இறுதிச் சுற்றுக்கு நாலு பேரைப் பொறுக்கும் கமிட்டி அந்த வருஷந்தான் புதிதாக ஏற்பட்டிருந்தது. டெக்ஸாஸ் கிறிஸ்டியன் கடைசி ஆட்டத்தில் 55-3 என்று ஜெயித்தும், கமிட்டி அதை மூன்றாம் இடத்திலிருந்து ஆறாம் இடத்துக்கு இறக்கிவிட்டது. பேலருக்கு ஐந்தாம் இடம். உள்ளே போனது ஓஹையோ ஸ்டேட். எட்டே சங்க ஆட்டம் ஆடிவிட்டு, அதன் மேல் சங்கத்தின் இறுதிப் பந்தயம் ஒன்றில் 59-0 என்று பிளந்து கட்டியவர்கள். அவர்கள் தேசத்தையும் ஜெயித்துவிட்டார்கள். ஒழுங்காக ஒன்பது ஆடியவன் வெளியே. எட்டு ஆடி ஒரு திருவிழா நடத்தியவன் உள்ளே.

அந்த இறுதிப் பந்தயம் என்ற திருவிழாவைக் கண்டுபிடித்தவர்கள் நம்முடைய தென்கிழக்குச் சங்கத்தார்தான். பன்னிரண்டு அங்கத்தினர் இருந்தால் இரண்டு பிரிவாகப் பிரித்து, பிரிவுத் தலைவர்களை மோதவிட்டுக்கொள்ளலாம் என்று விதிப் புத்தகத்தில் ஒரு மூலையில் இருந்தது. சிறு கல்லூரிகளுக்காக எழுதிய விதி. அதைச் சங்கத் தலைவர் ராய் கிரேமர் பிடித்துக்கொண்டார். ஆர்க்கன்ஸாவையும் தென் கரோலினாவையும் சேர்த்துக்கொண்டு, 1992-ல் எட்டுச் சங்க ஆட்டமும் இறுதிப் பந்தயமும் என்று ஆரம்பித்தார். கோச்சுகள் பலர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்: தோல்வியே காணாத டீம் ஒன்றைச் சங்கமே ஒரு அதிகப்படி ஆட்டம் வைத்துக் கவிழ்த்துவிடுமே! முதல் வருஷமே அப்படித்தான் ஆகப் பார்த்தது. தோல்வியறியாத அலபாமா பிளாரிடாவோடு 21-21 என்று நிற்கும்போது, பிளாரிடா எறிந்த பந்தை அலபாமாவின் அன்டோனியோ லாங்ஹம் நடுவில் புகுந்து பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டி ஓடினான். 28-21. அந்த ஓட்டத்தில் அவன் கால் இடறியிருந்தால் இந்த ஏற்பாட்டின் சரித்திரமே வேறு விதமாகப் போயிருக்கலாம்.

இனி கணக்குக்கு வருவோம். எட்டை ஒன்பதாக்கினால் என்ன கெடுகிறது? முதலாவது, ஒன்பது ஒற்றைப்படை. பாதிப் பேருக்குச் சொந்த மைதானத்தில் ஐந்து, பாதிப் பேருக்கு நாலு. ஒரு பெரிய மைதானத்தின் ஒரு நாள் வசூல் லட்சக்கணக்கான டாலர். இரண்டாவது, ஒரு ஆட்டம் என்றால் ஒரு தோல்வி நிச்சயம். பதினாறு பேர் சங்கத்தில் தலைக்கு ஓர் ஆட்டம் கூட்டினால் எட்டுத் தோல்வி எங்கேயாவது போய் விழத்தான் வேண்டும். ஆறு வெற்றி இருந்தால்தான் பருவத்துக்குப் பிறகு நடக்கும் 'பௌல்' பந்தயங்களுக்கு அழைப்பு. ஐந்தோடு நிற்கும் கோச்சுக்கு மறுவருஷம் உத்தியோகமே சந்தேகம். மூன்றாவது, சின்னக் கல்லூரிகளின் பிழைப்பு.

இந்த மூன்றாவதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. பெரிய கல்லூரிகள் பருவத் தொடக்கத்தில் சிறு கல்லூரிகளைத் தங்கள் மைதானத்துக்கு அழைத்து, ஒரு செக்கைக் கொடுத்து, அடித்து அனுப்புவது வழக்கம். வாங்கும் அடிக்குக் கூலி அது. அந்தச் செக்கில்தான் சிறு கல்லூரியின் மற்ற விளையாட்டுகள் எல்லாம் நடக்கும். 2007 செப்டம்பர் முதல் தேதி மிச்சிகன் அப்படித்தான் அப்பலேஷியன் ஸ்டேட் என்ற மலைநாட்டுக் கல்லூரியை 4 லட்சம் டாலர் கொடுத்துக் கூப்பிட்டது. மைதானத்தில் லட்சத்துக்கு மேல் ஜனம். மிச்சிகனுக்குத் தேசத்தில் ஐந்தாம் இடம். கடைசி விநாடியில் மிச்சிகன் உதைத்த பந்தை மலைநாட்டுப் பையன் ஒருவன் குறுக்கே பாய்ந்து தடுத்துவிட்டான். 34-32, விருந்தாளி ஜெயித்துவிட்டான்! செக்கையும் வாங்கிக்கொண்டு போனான். பீல்டிங் யோஸ்டின் ஆவி அன்று அந்த மைதானத்துப் பக்கம் வராமல் இருந்திருக்க வேண்டும். சங்க ஆட்டம் ஒன்று கூடினால் இப்படிப்பட்ட சனிக்கிழமை ஒன்று குறைகிறது. அந்தச் செக்கும் போகிறது. லட்சத்தில் ஒரு தடவை வரும் அந்த மத்தியானமும் போகிறது.

நஷ்டம் உண்மைதான். ஆனால் எட்டோடு நிறுத்தியதால் நேர்ந்த நஷ்டத்தையும் பார்க்க வேண்டாமா? டெக்ஸாஸ் ஏ அண்டு எம் 2012-ல் தென்கிழக்குச் சங்கத்தில் சேர்ந்தது. 2023 வரை பன்னிரண்டு பருவம். அதற்குள் ஜார்ஜியாவும் அதுவும் சங்க ஆட்டத்தில் சந்தித்தது ஒரே தடவை, 2019-ல், ஜார்ஜியாவின் ஊரில். மூன்று தலைமுறை மாணவர்கள் வந்து, படித்து, பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஜார்ஜியா தங்கள் ஊருக்கு வந்து அவர்கள் பார்த்ததே இல்லை. ஆபர்னும் பிளாரிடாவும் பல பத்தாண்டுகள் வருஷா வருஷம் ஆடிய பழைய எதிரிகள். 2002-க்குப் பிறகு எப்போதாவது ஒரு தடவை. கல்யாணத்துக்குக் கல்யாணம் பார்த்துக்கொள்ளும் தூரத்து உறவு மாதிரி. ஓக்லஹோமாவும் நெப்ராஸ்காவும் 1928 முதல் ஒரு வருஷம்கூட விடாமல் ஆடி வந்தன. 1971-ல் நெப்ராஸ்கா 35-31 என்று ஜெயித்த ஆட்டத்தை அந்த நூற்றாண்டின் ஆட்டம் என்றே சொன்னார்கள். 1996-ல் சங்கம் பெரிதாகி, இரண்டு பேரும் வேறு வேறு பிரிவில் விழுந்தார்கள். 1998-ல் ஆட்டம் இல்லை. சங்கம் வளர்ந்தது, சிநேகிதமும் விரோதமும் சேர்ந்தே தேய்ந்தன.

இதனால்தான் நான் ஒன்பதின் கட்சி. ஒரே சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருப்பதைவிட, ஒரு தோல்வி அதிகமாக வாங்கிக்கொள்வது கௌரவம். 'ஸுவானியை என்ன செய்வது?' என்று கேட்டால், ஸுவானிக்கு வேண்டியது குறைந்த அட்டவணை அல்ல, தன்னை ஒத்தவர்களின் சங்கம் என்று அந்தக் கல்லூரியே 1940-ல் பதில் சொல்லிவிட்டது.

தென்கிழக்குச் சங்கம் இந்த விஷயத்தில் நெடுங்காலம் இழுத்தடித்தது. பசிபிக் கரைச் சங்கம் 2006-லேயே ஒன்பதுக்கு வந்தது. பிக் டென் 2016-ல் வந்தது. அலபாமாவின் புகழ் பெற்ற கோச் நிக் ஸேபன் பல வருஷமாக 'ஒன்பது வேண்டும்' என்று சொல்லி வந்தவர். 2023-ல் தம் டீமுக்கு வரப்போகும் மூன்று நிரந்தர எதிரிகளின் பெயரைக் கேட்டதும் அவருக்கே தயக்கம் வந்துவிட்டது! கடைசியில் 2025 ஆகஸ்டில் சங்கம் முடிவு செய்தது: 2026 முதல் ஒன்பது ஆட்டம், மூன்று பேர் வருஷா வருஷம் மாறாத எதிரிகள், மற்ற ஆறு பேர் முறை வைத்து மாறுவார்கள், இரண்டு வருஷத்துக்குள் எல்லோரும் எல்லோரையும் ஒரு தடவையாவது பார்த்தாக வேண்டும். அட்லாண்டிக் கரைச் சங்கமும் அடுத்த மாதமே ஒன்பதுக்குத் தலையாட்டியது. அங்கே பதினேழு பேர். பதினேழை ஒன்பதால் பெருக்கினால் 153. இதை இரண்டால் வகுக்க முடியாது என்பது நாலாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவராவது எட்டோடு நின்றாக வேண்டும்.

நியாயம் ஜெயித்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். என் மருமகன் சந்தோஷப்படவில்லை.

"ஏன் திடீரென்று ஒன்பது என்கிறார்கள் தெரியுமா, மாமா? டெலிவிஷன்காரனுக்கு விற்க இன்னும் நல்ல ஆட்டம் வேண்டும்" என்றான்.

அவன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பிக் டென் 2022-ல் டெலிவிஷன் கம்பெனிகளோடு ஏழு வருஷத்துக்குச் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. பணம் பெருகப் பெருக அண்டை வீடு என்பதன் அர்த்தமும் நீண்டுகொண்டே போயிற்று. 2024-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துச் சர்வகலாசாலைகள் இரண்டும், ஆரிகனும், வாஷிங்டனும் பிக் டென்னில் சேர்ந்தன. பசிபிக் கரைச் சங்கத்தில் மிஞ்சியது இரண்டே கல்லூரி. பத்து என்று பெயர் கொண்ட சங்கத்தில் இன்று பதினெட்டுப் பேர். ஒன்பது ஆட்டம் ஆடினாலும் எட்டுப் பேர் விட்டுப் போகிறார்கள். ஐயோவாவும் ஓஹையோவும் மறுபடி ஒரு வருஷம் சந்திக்காமலே இரண்டு பேரும் எல்லாவற்றிலும் ஜெயிக்கலாம். தடுப்பதற்கு ஒன்றும் இல்லை. இறுதிப் பந்தயம் ஒன்று இருப்பதால் கடைசியில் அங்கேயாவது பார்த்துக்கொள்வார்கள்.

1869-ல் பக்கத்து ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு ஆடிய ரட்கர்ஸும் இப்போது அந்தச் சங்கத்தில்தான் இருக்கிறது. அதன் அண்டை வீடு லாஸ் ஏஞ்சலிஸ். போக மட்டுமே சுமார் 2,400 மைல். வசூல் தகராறில் வாண்டர்பில்ட்டை விட்டுவிட்டு லூக் லீ ஆறு நாள் ரயிலில் சுற்றியது, போக வர எல்லாம் சேர்த்து 2,500.

ஸுவானி இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. உபகாரச் சம்பளம் கிடையாது. அதே பீடபூமியின் மேல், தன்னை ஒத்த தென்னாட்டுச் சிறு கல்லூரிகளோடு ஒரு சங்கம். சில வருஷம் ஜெயிக்கிறார்கள். பல வருஷம் தோற்கிறார்கள்.